ஆடியோ சிடியா, எம்பி3 சிடியா, பென்டிரைவா? பாட்டைக் கையில் கொடுக்கும் முன்

"எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல நல்லா பாடுச்சே, மண்டபத்துல போட்டா ஏன் 'நோ டிஸ்க்'னு காட்டுது?" ராயபுரத்து சர்ச் பாடகர் குழு, பெரம்பூர் நடனப் பள்ளி, வியாசர்பாடி கானா குழு என்று சொந்தப் பதிவைத் தட்டில் எழுதி வெளியே கொடுப்பவர்கள் எல்லோரிடமும் இருக்கும் கேள்வி இது. பெரும்பாலும் தட்டு கெட்டிருக்காது, பிளேயரும் கெட்டிருக்காது. அந்த பிளேயருக்குப் புரியாத வடிவத்தில் பாட்டு எழுதப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

எந்த வடிவம் என்பதை எழுதுகிற கம்ப்யூட்டரை வைத்து முடிவு செய்யக் கூடாது. பாட்டு கடைசியில் எந்தப் பெட்டியில் ஓடப்போகிறதோ அதுதான் தீர்மானிக்க வேண்டும். கம்ப்யூட்டர் டிரைவ் எதைப் போட்டாலும் படித்துவிடும். மண்டபத்து மூலையில் பத்துப் பதினைந்து வருஷமாக இருக்கும் சிடி பிளேயர் அப்படியல்ல.

## முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவை

எங்கே ஓடும்? பிளேயரின் முகப்பைப் பாருங்கள். 'காம்பாக்ட் டிஸ்க் டிஜிட்டல் ஆடியோ' முத்திரை மட்டும் இருந்தால் ஆடியோ சிடி தவிர வேறெதுவும் வேண்டாம். எம்பி3 என்று தனியாக எழுதியிருந்தால் எம்பி3 சிடியும் ஓடும். யூஎஸ்பி துளை இருந்தால் அது பாட்டு வாசிக்கவா, போன் சார்ஜ் ஏற்ற மட்டுமா என்று கேட்டு வையுங்கள்.

மொத்தம் எத்தனை நிமிடம்? 80 நிமிடம்தான் கோடு. அரங்கேற்ற நிகழ்ச்சி இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் என்றால் ஒரே ஆடியோ சிடியில் அடங்காது.

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஒட்டி வர வேண்டுமா? கைதட்டலும் தாளமும் நடுவில் அறுபடாமல் ஓட வேண்டிய மேடைப் பதிவுக்கு இதுவே முக்கியமான கேள்வி. தனித்தனிப் பாட்டுகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

மூலப் பதிவு எப்படி இருக்கிறது? 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 ஃபைலை ஆடியோ சிடியாக மாற்றினால் இடம் பதினோரு மடங்கு பிடிக்கும், தரம் ஒரு துளி கூட ஏறாது. எம்பி3 ஆக்கும்போது போன ஒலி போனதுதான். ஸ்டுடியோவில் பதிவு செய்தால் சுருக்காத வேவ் ஃபைலையே கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வாங்குவதென்றால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

யார் கையில் போகும், எத்தனை காலம் இருக்க வேண்டும்? ஒரே ஒரு மாலைக்கா, பத்து வருஷம் பீரோவில் வைக்கவா?

## ஒரு பார்வையில்

| | ஆடியோ சிடி, சிடி-ஆர் தட்டில் (ஒருமுறை மட்டும் எழுதலாம்) | ஆடியோ சிடி, சிடி-ஆர்டபிள்யூ தட்டில் (அழித்து எழுதலாம்) | எம்பி3 சிடி | பென்டிரைவ் |
|---|---|---|---|---|
| கொள்ளளவு | சுமார் 80 நிமிடம், 99 ட்ராக் வரை | அதே | 128 கேபிபிஎஸில் சுமார் 12 மணி, 320-இல் சுமார் 5 மணி | நாட்கணக்கில் |
| எதில் ஓடும் | ஏறக்குறைய எல்லா சிடி பிளேயரிலும் | பழையவை பல படிக்காது | எம்பி3 என்று எழுதியவற்றில் மட்டும் | யூஎஸ்பி வாசிக்கும் பெட்டிகளில் |
| இடைவெளி இல்லாத தொடர்ச்சி | முடியும் | முடியும் | நம்ப முடியாது | பெட்டியைப் பொறுத்தது |
| கீறல் பட்டால் | டிக் சத்தம், தாவல், பிறகு தொடரும் | அதே, சீக்கிரமே தடுமாறும் | அந்த ஃபைலிலேயே சிக்கி நிற்கலாம் | இந்தக் கவலை இல்லை |
| பிறர் அழிக்க முடியுமா | முடியாது | முடியும் | சிடி-ஆரில் முடியாது | யாரும் அழிக்கலாம் |
| கண்ணுக்குத் தெரியாத செலவு | வெளி டிரைவ், வீணாகும் தட்டுகள் | தட்டின் கூடுதல் விலை | ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் நேரம் | வைரஸ், ஃபார்மட் தகராறு |

## சிடி-ஆர் தட்டில் ஆடியோ சிடி

1980-இல் பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த விதிமுறைதான் இன்றும் நடைமுறை. அட்டை நிறத்தை வைத்து அதை ரெட் புக் என்பார்கள். விதி எளிது: விநாடிக்கு ஒலியின் 44,100 மாதிரிகள் (சாம்பிள்), ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என இரண்டு சேனல். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 1,411.2 கிலோபிட். சுருக்கம் கிடையாது, ஃபைல் கிடையாது, ஃபோல்டரும் கிடையாது. தட்டின் உள்விளிம்பில் ஓர் உள்ளடக்கப் பட்டியல், அதன்பின் உள்ளேயிருந்து வெளியே சுருளாகப் போகும் ஒரே ஒலி ஓட்டம், அவ்வளவுதான்.

ஆடியோ சிடியில் ஒரு விநாடி 75 ஃபிரேம்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு ஃபிரேமில் சேனலுக்கு 588 மாதிரிகள், மொத்தம் 2,352 பைட். டேட்டா சிடியில் அதே இடத்தில் 2,048 பைட்தான் பயன்பாட்டுக்குக் கிடைக்கும். மீதி 304 பைட்டில் பெரும்பகுதி கூடுதல் பிழைத்திருத்தத்துக்குப் போகிறது. கவரில் '700 எம்பி / 80 நிமிடம்' என்று இரண்டு கணக்கு அச்சிட்டிருப்பது இதனால்தான். பாட்டு எழுதும்போது எம்பி கணக்கைப் பார்க்காதீர்கள், நிமிடத்தை மட்டும் பாருங்கள். 80 நிமிடத் தட்டில் உண்மையில் சுமார் 79 நிமிடம் 57 விநாடி கிடைக்கும்.

கூடுதல் பிழைத்திருத்தம் இல்லாதது குறை போலத் தெரியும். மேடையில் அதுவே கை கொடுக்கும். சிறு கீறலில் தகவல் போனால், ஆடியோ பிளேயர் அக்கம்பக்கத்து மாதிரிகளை வைத்து இட்டு நிரப்பிக்கொண்டு போகும். பெரிய கீறலில் டிக் என்று ஒரு சத்தம் வரும், அல்லது கொஞ்சம் தாவும். ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளை நிற்க வேண்டியிராது.

### எழுதும் முறை

முதல் வேலை ஃபைலைச் சரிசெய்வது. ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டி ஒட்டும் மென்பொருளில் திறந்து, ப்ராஜெக்ட் ரேட்டை 44,100 ஆக வைத்து, 16 பிட் ஸ்டீரியோ வேவ் ஆக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வீடியோ கேமராவிலிருந்து எடுத்த ஒலி பெரும்பாலும் 48,000-இல் இருக்கும். நல்ல மென்பொருள் தானே மாற்றிக்கொள்ளும். மாற்றாமல் அப்படியே 44,100 என்று ஓட்டினால் வேகம் எட்டு சதவீதம் குறையும், ஸ்ருதி ஏறக்குறைய முக்கால் கட்டை இறங்கும். ஆடுபவர்கள் "ஏதோ இழுக்குது" என்பார்கள். இழுக்கத்தான் செய்கிறது.

அடுத்து சத்த அளவு. எந்தப் பாட்டின் உச்சமும் -1 டெசிபலைத் தாண்ட வேண்டாம். வெவ்வேறு நாளில் பதிவான பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுப் பார்த்துக் காதுக்கு ஒரே அளவாக ஆக்குங்கள். உச்சங்களை மட்டும் சமன் செய்தால் போதாது. பறை அடிக்கும் பாட்டும் தனிக்குரல் பாட்டும் ஒரே உச்சத்தில் இருந்தாலும் காதுக்கு ஒரே சத்தமாகக் கேட்காது.

பிறகு எழுதும் முறையைத் தேர்வது. மென்பொருளில் இரண்டு பெயர்கள் கண்ணில் படும்.

*ட்ராக்-அட்-ஒன்ஸ்:* ஒவ்வொரு பாட்டையும் எழுதி முடித்ததும் லேசர் அணைந்து, அடுத்ததற்கு மறுபடி எரியும். வழக்கமாக நடுவில் இரண்டு விநாடி மௌனம் விழும். சில பிளேயர்களில் அந்த ஒட்டில் மெல்லிய கிளிக் கேட்கும்.

*டிஸ்க்-அட்-ஒன்ஸ்:* பட்டியலிலிருந்து கடைசிப் பாட்டு வரை லேசர் அணையாமல் ஒரே மூச்சில் எழுதும். இடைவெளி எவ்வளவு என்பது உங்கள் கையில், பூஜ்யமாகவும் வைக்கலாம். முதல் பாட்டுக்கு முன் வரும் இரண்டு விநாடி மட்டும் விதியின் கட்டாயம்.

வேறு காரணம் இல்லாவிட்டால் எப்போதும் டிஸ்க்-அட்-ஒன்ஸ். இம்க்பர்ன் போன்ற மென்பொருளில் க்யூ ஃபைல் (ட்ராக் வரிசையைச் சொல்லும் சிறு ஃபைல்) தயார் செய்து கொடுத்தால் இந்த முறையிலேயே எழுதும். விண்டோஸ் மீடியா பிளேயரில் எழுதுபவர்கள் பர்ன் தாவலில் 'டேட்டா சிடி' என்றிருப்பதை 'ஆடியோ சிடி' என்று மாற்றி, 'இடைவெளி இன்றி' என்ற குறியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடர் பதிவை ட்ராக்குகளாக வெட்டும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெட்டும் இடம் ஃபிரேம் எல்லையில், அதாவது 588 மாதிரிகளின் மடங்கில் விழ வேண்டும். தவறினால் மீதி இடத்தை மென்பொருள் பூஜ்யத்தால் நிரப்பும். கைதட்டலுக்கு நடுவே ஒரு சொடுக்குப் போலக் கேட்பது அதுதான். ஆடாசிட்டியில் நேர வடிவத்தை 'சிடிடிஏ ஃபிரேம்ஸ்' என்று வைத்து, ஸ்னாப்பை இயக்கிவிட்டு வெட்டினால் இந்தத் தொல்லை இல்லை. எந்த ட்ராக்கும் நான்கு விநாடிக்குக் குறையக் கூடாது என்பதையும் மறக்காதீர்கள்.

வேகம்: தட்டில் 52 மடங்கு என்று போட்டிருந்தாலும் 8 முதல் 16 மடங்கில் எழுதுங்கள். 16 மடங்கில் ஒரு முழுத் தட்டு ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் அவசரப்பட்டு மிச்சம் பிடிப்பது ஒன்றுமில்லை. அதற்காக நான்கு மடங்குக்கு இறக்கினால் இன்னும் நல்லது என்றும் இல்லை. இப்போது வரும் தட்டுகளின் சாயம் வேக எழுத்துக்கென்றே தயாரிக்கப்பட்டது, மிக மெதுவாக எழுதினால் பிழை கூடவும் வாய்ப்புண்டு.

கடைசியாக ஃபைனலைஸ், அதாவது எழுதி முடித்த தட்டை மூடுவது. இதைச் செய்யாத தட்டில் முழுமையான உள்ளடக்கப் பட்டியல் இருக்காது. உங்கள் டிரைவ் படிக்கும், பிளேயர் படிக்காது. அதேபோல் இன்று ஐந்து பாட்டு, அடுத்த வாரம் இன்னும் ஐந்து என்று தவணை முறையில் எழுதினால் சாதாரண பிளேயர் முதல் தவணையை மட்டுமே பார்க்கும்.

### எங்கே காலை வாரும்

ஓரம்தான் பலவீனமான இடம். சிடி உள்ளேயிருந்து வெளியே ஓடுவதால் கடைசிப் பாட்டு வெளிவிளிம்பில் இருக்கும். தேய்ந்த லென்ஸ் முதலில் தடுமாறுவது அங்கேதான். விரல் ரேகையும் கீறலும் அதிகம் படுவதும் அங்கேதான். எனவே முக்கியமான பாட்டைக் கடைசியில் வைக்காதீர்கள். முடிந்தால் மொத்தத்தை 74 நிமிடத்துக்குள் நிறுத்துங்கள். எழுதி முடித்த தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எழுதிய பகுதி சற்று அடர்ந்த நிறத்தில், எழுதாத ஓரத்திலிருந்து தனி வளையமாகத் தெரியும். அந்த வளையத்துக்குள் பட்டை பட்டையாகவோ திட்டுத் திட்டாகவோ நிறம் மாறியிருந்தால் அந்தத் தட்டை வெளியே கொடுக்காதீர்கள்.

90 நிமிடத் தட்டு என்று கிடைப்பவை விதிமுறைக்கு வெளியே போனவை, அவற்றைத் தவிர்ப்பது நல்லது. 'மியூசிக் சிடி-ஆர்' என்று கூடுதல் விலைக்கு வருவது, கம்ப்யூட்டர் இல்லாமல் தனியாக இயங்கும் ஆடியோ சிடி ரெக்கார்டர்களுக்கானது. கம்ப்யூட்டரில் எழுதுபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

மறைமுகச் செலவில் பெரியது டிரைவ். புது லேப்டாப்களில் சிடி டிரைவ் வருவதில்லை, ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ வெளி டிரைவ் வாங்க வேண்டியிருக்கும். மெல்லிய வகை டிரைவ் யூஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுக்கும். எழுதும்போது அதற்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். துளை பலவீனமாக இருந்தால் பாதியில் நின்று தட்டு வீணாகும். ஹப்பில் செருகாமல் லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள். இரண்டு முனை கேபிள் கொடுத்திருந்தால் இரண்டையும் செருகுங்கள்.

இதைத் தேர்வு செய்ய வேண்டிய இடங்கள்: எந்தப் பெட்டி இருக்கும் என்று தெரியாத மண்டபம், போட்டி நடுவர் மேசை, தொடர்ச்சி அறுபடக் கூடாத பதிவு, பிறர் கை வைத்துவிடக் கூடாத மாஸ்டர் பிரதி.

## சிடி-ஆர்டபிள்யூ தட்டில் ஆடியோ சிடி

அழித்து அழித்து எழுதலாம் என்பதுதான் கவர்ச்சி. ஆனால் சாதாரண சிடியும் சிடி-ஆரும் லேசர் ஒளியில் மூன்றில் இரண்டு பங்கையாவது திருப்பி அனுப்பும்போது, இது 15 முதல் 25 சதவீதம்தான் அனுப்பும். இந்த வகை 1997-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பிளேயர்கள் இவ்வளவு மங்கலான பிரதிபலிப்பை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. அதற்குப் பிந்தையவற்றிலும் லென்ஸ் தேய்ந்திருந்தால் இதே கதைதான்.

பயிற்சி வகுப்புக்கு நல்லது. வாராவாரம் மாறும் பாடலை உங்கள் பிளேயரிலேயே போட்டுப் பழக ஒரு தட்டு போதும். வெளியே கொடுக்க வேண்டாம்.

## எம்பி3 சிடி

இது ஆடியோ சிடியே அல்ல. ஃபைல்கள் வைத்த டேட்டா சிடி. ஒரு பிளேயர் இதைப் பாட வேண்டுமென்றால் ஃபைல் அமைப்பைப் படிக்கவும் எம்பி3-ஐ விரிக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

விண்டோஸில் ஃபைல்களைத் தட்டுக்கு இழுத்துவிட்டால் ஒரு கேள்வி வரும்: 'யூஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ் போல' வேண்டுமா, 'சிடி/டிவிடி பிளேயருடன்' வேண்டுமா என்று. முதலாவதைத் தொட்டால் யுடிஎஃப் என்ற ஃபைல் அமைப்பில் எழுதும், பல பிளேயர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இரண்டாவதையே தேர்வு செய்யுங்கள். அந்தப் பெயரைப் பார்த்து ஆடியோ சிடி வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அதுவும் டேட்டா சிடிதான்.

வரிசைதான் இங்கே பெரிய தலைவலி. ஃபைல் பெயரின் முன்னால் 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் போடுங்கள். 1, 2 என்று போட்டால் சில பிளேயர்கள் 1-க்குப் பிறகு 10-க்குத் தாவும். பெயர்களைத் தமிழில் வைத்தால் பல பெட்டிகளின் திரையில் கட்டங்களும் கேள்விக்குறிகளும்தான் வரும். பெயரைச் சிறியதாக, ஆங்கில எழுத்தில் வையுங்கள். மாறும் பிட்ரேட்டில் சுருக்கிய ஃபைல்களுக்குப் பழைய பிளேயர் நேரத்தைத் தப்பாகக் காட்டும். நிலையான 192 கேபிபிஎஸ் ஒரு நல்ல நடுவழி, ஒரு தட்டில் எட்டு மணி நேரம் பிடிக்கும்.

எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொரு ஃபைலின் முன்னும் பின்னும் சிறு மௌனம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவர வேண்டிய இரண்டு ட்ராக்குகளுக்கு நடுவே அது கட்டாயம் தெரியும். தொடர் பதிவென்றால் வெட்டாமல் ஒரே நீள ஃபைலாக வையுங்கள்.

எம்பி3 வசதி உள்ள காரில் நீண்ட பயணம், ஆடி மாதம் கூழ் ஊற்றும் நாளில் காலையிலிருந்து இரவு வரை குழாய் ஸ்பீக்கரில் ஓட வேண்டிய பாட்டு, இவற்றுக்கு இது பொருத்தம். நாள் முழுக்க யாரும் தட்டு மாற்ற வேண்டியதில்லை.

## பென்டிரைவ்

சவுண்டு சர்வீஸ்காரர்களில் பெரும்பாலோர் இப்போது முதலில் கேட்பது இதைத்தான். யூஎஸ்பி போர்டு வைத்த ஆம்ப்ளிஃபையர்கள் மலிவு, தட்டு சுழலும் பாகம் இல்லாததால் தூசியிலும் அதிர்விலும் தாவாது.

சிக்கல் ஃபார்மட்டில் வரும். இந்த போர்டுகளில் பல ஃபேட்32 தவிர வேறொன்றையும் படிக்காது. 64 ஜிபி பென்டிரைவ் சில எக்ஸ்ஃபேட் என்ற வேறு ஃபார்மட்டில் வரும், அதைச் செருகினால் போர்டு பேசாமல் இருக்கும். 8, 16 ஜிபி போதும். பாட்டு எம்பி3-ஆகவே இருக்கட்டும், மற்ற வகை ஃபைல்களை எல்லா போர்டும் எடுக்காது. பல போர்டுகள் பெயர் வரிசையைப் பார்க்காது, காப்பி செய்த வரிசையில்தான் பாடும். ஆகவே காலியாக ஃபார்மட் செய்த டிரைவில் ஒவ்வொரு பாட்டாக, வேண்டிய வரிசையில் காப்பி செய்யுங்கள்.

பென்டிரைவ் பலர் கை மாறும். போகிற கம்ப்யூட்டரில் எல்லாம் வைரஸ் ஒட்டும், ஃபைல்கள் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கும். யாரோ தன் பாட்டைப் போட உங்கள் ஃபோல்டரை அழித்திருப்பார். நிகழ்ச்சிக்கென்று தனி டிரைவ் வையுங்கள், அதில் வேறு எதையும் போடாதீர்கள்.

போனை ஆக்ஸ் ஒயரில் செருகிப் பாடுவதும் வழக்கம்தான். செய்தால் ஃபிளைட் மோடில் போட்டுவிட்டுச் செய்யுங்கள். பாட்டு நடுவே அழைப்பு மணி தெருவெல்லாம் கேட்கும்.

## கடையில் எழுதக் கொடுப்பவர்களுக்கு

ஸ்டுடியோவிலோ பிரவுசிங் சென்டரிலோ "பாட்டு சிடி போட்டுக் குடுங்க" என்றால் பெரும்பாலும் ஃபைல்களைக் காப்பி செய்து டேட்டா சிடிதான் தருவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, கேட்டது அப்படி. இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணா, ஆடியோ சிடியா போடுங்க, டேட்டா வேணாம். சிடி-ஆர்ல, 16 ஸ்பீடுல, ஃபைனலைஸ் பண்ணிடுங்க." இடைவெளி வேண்டாமென்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கையில் வாங்கியதும் அவர்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு நொடி திறந்து பாருங்கள். 'ட்ராக்01.சிடிஏ' என்று சிறு ஃபைல்கள் வரிசையாகத் தெரிந்தால் ஆடியோ சிடி. பாட்டுப் பெயர்களோடு எம்பி3 தெரிந்தால் டேட்டா சிடி.

தட்டின் மேல்பக்கத்தில் பால் பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள். ஒலி பதிந்த படலம் இருப்பது அச்சிட்ட பக்கத்துக்கு அடியில்தான், மெல்லிய பூச்சு மட்டுமே காவல். அடிப்பக்கக் கீறலை மெருகேற்றிச் சரிசெய்யலாம், மேல்பக்கம் கீறினால் அந்த இடம் போனது போனதுதான். பூச்சு விட்ட தட்டுக்குள் காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்து உப்புக்காற்றும் ஈரமும் புகுந்தால் வெள்ளிப் படலம் கறுத்துப்போகும். மிருதுவான சிடி மார்க்கரால், நடு வளையத்தை ஒட்டிய தெளிந்த பகுதியில் எழுதுங்கள். ஒட்டும் லேபிள் வேண்டாம். வெயிலில் நின்ற காருக்குள் அதன் ஓரம் சுருண்டு, ஸ்லாட் பிளேயரில் தட்டோடு சேர்ந்து சிக்கிக்கொள்ளும்.

கொடுப்பதற்கு முன், கம்ப்யூட்டர் அல்லாத ஏதாவது ஒரு பழைய பிளேயரில் முதல் பாட்டையும் கடைசிப் பாட்டின் கடைசி ஒரு நிமிடத்தையும் ஓட்டிக் கேளுங்கள். நடுவே ட்ராக் தாவும் பொத்தானை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு பாட்டும் சரியான இடத்தில் தொடங்குகிறதா என்றும் பாருங்கள். முக்கியமான நிகழ்ச்சியென்றால் வேறு கம்பெனித் தட்டு ஒன்றில் இரண்டாவது பிரதி எழுதி, அதே பாட்டுகளை ஃபேட்32 பென்டிரைவிலும் போட்டுக் கூடவே கொடுத்துவிடுங்கள். சவுண்டுக்காரரிடம் மூன்றையும் ஒன்றாக நீட்டாதீர்கள். எது முதல், எது மாற்று என்று ஒரு தாளில் ட்ராக் எண், பாட்டுப் பெயர், நிமிடத்தோடு எழுதி அதையும் சேர்த்துக் கொடுங்கள்.